இடதா வலதா என்று சொல்லும் இணையத் தேர்வு: அரூர் ஜெராக்ஸ் கடையில் மூன்று பேர் எழுதிப் பார்த்தோம்

அரூரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பலகையில் ஜெராக்ஸ் என்று எழுதியிருந்தாலும் பிழைப்பு ஓடுவது ஆன்லைன் விண்ணப்பத்தில்தான். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, பட்டா நகல், டிஎன்பிஎஸ்சி என்று ஒரு நாளைக்கு இருபது முப்பது பேருடைய விவரங்களைக் கட்டங்களுக்குள் அடித்துக் கொடுக்கிறேன். பன்னிரண்டு வருஷமாக இதே வேலை. ஒரு படிவம் கேட்க வேண்டியதைக் கேட்கிறதா, சொன்ன பதிலைச் சரியான கட்டத்தில் போடுகிறதா என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிடும். அந்தக் கண்ணோடுதான் இந்தத் தேர்வையும் பார்த்தேன்.

சேலத்தில் சட்டம் படிக்கிற என் மகள் போன மாதம் இதன் இணைப்பை அனுப்பினாள். நம்முடைய அரசியல் இடதா, வலதா என்று சொல்லும் இணையதளம். வெளிநாட்டுக்காரர்கள் நடத்துவது. பெயர் வேண்டாம். இதே மாதிரி நாலைந்து இருக்கின்றன, நான் சொல்லும் குறை எல்லாவற்றுக்கும் பொருந்தும். காசு கிடையாது, பெயர், போன் நம்பர் எதுவும் கேட்பதில்லை. அந்த விஷயத்தில் நல்ல தளம். 60க்கும் மேற்பட்ட வாக்கியங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் நான்கு பொத்தான்: முழுக்க ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன், முழுக்க மறுக்கிறேன். தெரியாது என்பதற்குப் பொத்தான் இல்லை. முடித்ததும் ஒரு சதுரம் வரும். அதில் இடமிருந்து வலமாகப் பொருளாதாரம், மேலிருந்து கீழாக அதிகாரம். மேலே போனால் கட்டுப்பாட்டை விரும்புகிறவர், கீழே வந்தால் சுதந்திரத்தை விரும்புகிறவர். சதுரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளிதான் நாம்.

ஆங்கிலம் தெரிந்தால் இருபது நிமிஷம் போதும். தமிழில் இல்லை. உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பைப் போட்டுப் பார்த்தேன், வேலைக்கு ஆகவில்லை. ‘ரைட்’ என்ற சொல் ஒரு வரியில் ‘உரிமை’, அடுத்த வரியில் ‘சரி’, முடிவுப் பக்கத்தில் ‘வலது’ என்று வந்தது. முடிவைப் படித்தால் ‘நீங்கள் சரியாக இல்லை’ என்று தோன்றும். கடைசியில் ஒவ்வொரு வாக்கியத்தையும் நானே தமிழில் சொல்லித்தான் மற்றவர்களிடம் கேட்டேன்.

முதலில் நான் எழுதினேன். புள்ளி இடது பக்கம் கீழே விழுந்தது. மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். “அம்மா, நீ லெஃப்ட்” என்று பதில் வந்தது. எனக்கு அது அந்நியமான சொல் இல்லை. அப்பா கூட்டுறவு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து, சங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் மே தினத்துக்குச் சிவப்புத் துண்டைத் துவைத்து மடித்து வைத்தே வளர்ந்தவள் நான். ஆனால் இந்த இரண்டு சொல்லும் எங்கிருந்து வந்தன என்று அதுவரை யோசித்ததில்லை. மகள்தான் சொன்னாள். 1789இல் பிரான்சின் தேசிய சட்டமன்றத்தில், சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் அரசருக்கு இருக்கட்டும் என்றவர்கள் அவைத்தலைவருக்கு வலப்பக்கமாகவும், கூடாது என்றவர்கள் இடப்பக்கமாகவும் சேர்ந்து உட்கார்ந்தார்களாம். உட்கார்ந்த இடமே பெயராகிவிட்டது. அரசர் போய், அந்த அவை போய், இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் பெயர் மட்டும் நிற்கிறது.

சரி, அது இன்னும் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. ஒரே புள்ளியை வைத்துச் சொல்ல முடியாது என்று, அப்பாவையும் சேர்த்து இன்னும் இரண்டு பேரைப் பிடித்தேன்.

காவேரிப்பட்டணத்தில் என் நாத்தனார் வீட்டுக்காரருக்கு மாந்தோப்பு இருக்கிறது. பெங்களூரா ரகம்தான் அதிகம், கூழ் ஆலைக்குப் போகிற பழம். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணா ஒரு விசேஷத்துக்கு வந்தவர் கடையில் உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொன்னார். அரசு விலையில் தலையிடலாமா என்றால், “கண்டிப்பா. ஆலைக்காரங்க நாலு பேர் பேசி வெச்சுக்கிட்டு வெல சொல்றாங்க. கவர்மெண்டு வெல கட்டணும்” என்றார். முழுக்க ஒப்புக்கொள்கிறேன். வேலை இல்லாதவருக்கு அரசு வேலை தர வேண்டுமா என்றால், “நூறு நாள் வேலையால மரத்துல ஏற ஆளே கெடைக்கல” என்றார். முழுக்க மறுக்கிறேன். வரி அதிகம் என்றார், தோட்டத்து மோட்டாருக்கு இலவச மின்சாரம் கட்டாயம் தொடர வேண்டும் என்றார். கடைசியில் அவர் புள்ளி சதுரத்துக்கு நட்டநடுவில் வந்து நின்றது. நடுநிலையாளராம்.

அண்ணாவை 25 வருஷமாகத் தெரியும். எந்த விஷயத்திலும் அவர் நடுவில் நின்றதே இல்லை. புளியையும் மிளகாயையும் சமமாகப் போட்டால் குழம்பு சப்பென்று ஆகிவிடுமா? இந்தத் தேர்வு அப்படித்தான் கூட்டிக் கழிக்கிறது. விலை விஷயத்தில் அவர் இடது ஓரம், கூலி விஷயத்தில் வலது ஓரம். ஆலைக்கு எதிரில் நிற்கும்போது அவர் விற்கிறவர், கூலிக்காரருக்கு எதிரில் நிற்கும்போது கொடுக்கிறவர். இதில் முரண்பாடே கிடையாது. நிற்கிற இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அதைத் தனித்தனியாகக் காட்டியிருந்தால் அவரைப் பற்றி உண்மையாகவே ஏதோ தெரிந்திருக்கும்.

இதிலிருந்து எனக்கு ஒன்று தெளிவானது. நிலம், கூலி, விலை என்று ஒன்றைக் குறிப்பிட்டுக் கேட்டால் இடது, வலது என்ற சொல் இன்றும் கத்தி மாதிரி வெட்டுகிறது. ‘நிலம் வாங்கி விற்கிற சரக்காக இருக்கக் கூடாது’ என்ற பொருளில் ஒரு வாக்கியம் வந்தது. அண்ணா ஒரு நொடி கூட யோசிக்கவில்லை, முழுக்க மறுத்தார். அப்பா அதே வேகத்தில் ஒப்புக்கொண்டார். ஆளை மொத்தமாக எடுத்து ஒரு பெயர் ஒட்டப் போனால்தான் கத்தி மழுங்குகிறது.

இன்னொரு வாக்கியம், குடிநீரைப் பாட்டிலில் அடைத்து விற்கும் நிலை வந்தது வருத்தம் என்பது போல. மூன்று பேரும் ஒரே பொத்தானைச் சொன்னோம். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் எல்லோரும் அதையே சொல்வார்கள் என்று நினைக்கிறேன். நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த பிள்ளைகளை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் திமுக ஆட்சியில் அடிக்கல் நாட்டினார்கள், 2013இல் அதிமுக ஆட்சியில் திறந்தார்கள், பணத்தில் பெரும் பங்கு ஜப்பான் கொடுத்த கடன். இதை இடது என்பதா, வலது என்பதா? தண்ணீர் வந்தது. பள்ளியில் சாப்பாடு போடுவதும் அப்படித்தான். நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் ஆரம்பித்தது, காமராஜர் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார், 1982இல் எம்ஜிஆர் சத்துணவாக விரித்தார். அரசு மக்களுக்குச் செய்ய வேண்டும் என்பது வெளிநாட்டில் இடதுசாரிக் கொள்கையாக இருக்கலாம். இங்கே அது எல்லாக் கட்சித் தேர்தல் அறிக்கையிலும் இருக்கிறது. அதனால் இந்தத் தேர்வில் தமிழ்நாட்டுக்காரர் யார் எழுதினாலும் புள்ளி கொஞ்சம் இடதுபக்கம் இழுத்துக்கொண்டு போகும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

விடுமுறைக்கு வந்த மகள், “ராஜாஜியா இருந்தா என்ன பதில் சொல்வார்னு போட்டுப் பார்க்கலாமா?” என்று கேட்டாள். இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர், எங்கள் பக்கத்து மாவட்டத்துக்காரர். 1959இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கி, எதற்கெடுத்தாலும் லைசென்சு, பெர்மிட் என்று தொழிலை அரசு கட்டிப்போடுவதை எதிர்த்தார். பொருளாதாரத்தில் தெளிவான வலது. ஆனால் 1937இல் சென்னை மாகாண முதல்வராக இருந்தபோது முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அன்றைக்கு அரூரும் தருமபுரியும் அதில்தான் சேர்ந்திருந்தன. மனிதர் என்ன குடிக்க வேண்டும் என்பதை அரசு சொல்லலாம், என்ன தொழில் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லக் கூடாது. பள்ளியில் இந்தியைக் கட்டாயமாக்கியவரும் அவர், பிற்காலத்தில் இந்தித் திணிப்பை எதிர்த்தவரும் அவர். எந்த வருஷத்து ராஜாஜிக்குப் பதில் போடுவது என்றே தெரியாமல் பாதியில் நிறுத்திவிட்டோம்.

அந்த ராஜாஜியின் கட்சியும் மார்க்சிஸ்ட் கட்சியும் 1967 தேர்தலில் அறிஞர் அண்ணாவின் திமுக அணியில் ஒன்றாக நின்றன. காங்கிரஸை இறக்க வேண்டும் என்பதில் வலதும் இடதும் சேர்ந்துகொண்டன. எங்கள் மாவட்டத்திலேயே, மார்க்ஸ், பெரியார், அம்பேத்கர் மூவரையும் வழிகாட்டிகளாகச் சொல்லும் பாமக 2014இல் பாஜக அணியில் நின்று தருமபுரி மக்களவைத் தொகுதியை வென்றது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. கூட்டணியை வைத்து இடது, வலது பார்க்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். இன்னொரு குழப்பமும் இருக்கிறது. இன்றைய பத்திரிகையில் வலதுசாரி என்றால் மதத்தை முன்வைக்கும் அரசியல் என்று அர்த்தம். ராஜாஜி காலத்து வலது சந்தையைப் பற்றியது. இந்தத் தேர்வின் வலதும் சந்தைதான். கோயிலுக்கு விழுந்து விழுந்து நேர்ந்துகொள்கிற, ஆனால் ரேஷனையும் அரசுப் பேருந்தையும் விடவே கூடாது என்கிற என் பக்கத்துக் கடை அக்காவை எந்தப் பக்கம் உட்கார வைப்பது?

இனி அப்பா விஷயம். நான் இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

அப்பாவுக்கு 74 வயது. மாலை நேரத்தில் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நான் வாக்கியத்தைச் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னார். கூலி, நிலம், முதலாளி என்று வந்த கேள்விக்கெல்லாம் இடது ஓரம். பெண்கள் வேலைக்குப் போகலாம், ஆனாலும் வீடுதான் முதல் கடமை என்று ஒரு வாக்கியம். “ஒத்துக்கறேன்னு போடு” என்றார். இந்தக் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்ததும், முதல் ஜெராக்ஸ் மெஷின் வாங்கிக் கொடுத்ததும் அவருடைய பணிக்கொடைப் பணத்தில்தான். வாயால் சொல்கிற கொள்கையும் கையால் செய்கிற காரியமும் இப்படிப் பிரிந்து கிடக்கும்போது, வாயைத்தான் தேர்வு கணக்கில் எடுக்கிறது.

அப்புறம் எந்த அதிகாரத்தையும் கேள்வி கேட்க வேண்டும் என்ற வாக்கியம் வந்தது. அதுவரை கட்டுப்பாடு வேண்டும், பெரியவர் சொன்னால் கேட்க வேண்டும் என்றே சொல்லிக்கொண்டு வந்தவர் கண்ணைத் திறந்தார். “முழுசா ஒத்துக்கறேன். இன்னும் மேல எதாவது இருந்தா அதப் போடு” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வாச்சாத்தி.

1992 ஜூன் 20. நான் எட்டாம் வகுப்பு. சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், ஆட்களை அடித்து இழுத்துப் போனார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வெளியில் யாரும் நம்பவில்லை, நம்ப விரும்பவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும்தான் அந்தப் பெண்களின் கூடவே நின்று வழக்கை நடத்தின. அப்பா தன் சங்கத்து ஆட்களோடு அரிசி மூட்டை கட்டி எடுத்துப் போனது எனக்கு நினைவிருக்கிறது. திரும்பி வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இடதுசாரி என்ற சொல்லுக்கு எங்கள் ஊர்ப் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டால், நான் பிரான்சுக்குப் போக மாட்டேன். வாச்சாத்திக்கு யார் போனார்கள் என்று சொல்வேன். அந்தப் பெயருக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று நான் நம்புவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் அதே அப்பா, என் தம்பி வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டபோது மூன்று வருஷம் அவனோடு பேசவில்லை. பேத்தி பிறந்த பிறகுதான் படி ஏற விட்டார். அந்த மூன்று வருஷமும் மே தினத்துக்குக் கொடியேற்றப் போனார். அவர் போலியான இடதுசாரி என்று நான் சொல்ல மாட்டேன். வாச்சாத்திக்குப் போன காலும் அதேதான், தம்பி வீட்டுக்குப் போகாத காலும் அதேதான்.

60க்கும் மேற்பட்ட வாக்கியத்தில் சாதி என்ற சொல் ஒரு இடத்தில்கூட வரவில்லை. இனம் பற்றி வருகிறது, மதம் பற்றி வருகிறது. நான் ஒரு நாளைக்கு ஆறேழு சாதிச் சான்று விண்ணப்பம் போடுகிறேன். அது இல்லாமல் ஒரு பிள்ளை கல்லூரி வாசலில் கால் வைக்க முடியாது. யாருக்கு எவ்வளவு நிலம், யார் வீடு எந்தத் தெரு, யார் எந்தக் கட்சி என்று எல்லாவற்றிலும் அது இருக்கிறது. எங்கள் மாவட்டத்து நாயக்கன்கொட்டாய் பக்கம் ஒரு காலத்தில் நக்சல் இயக்கம் வேரூன்றி இருந்த இடம். இரட்டைக் குவளைக்கு எதிராகச் சண்டை போட்ட இடம். அங்கேதான் 2012 நவம்பர் 7ஆம் தேதி, ஒரு கலப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி, நத்தம் காலனியையும் பக்கத்துத் தலித் குடியிருப்புகளையும் கொளுத்தினார்கள். இதை நான் சொன்னபோது மகள் சொன்னாள்: “பிரான்சுல யாரு எந்தப் பக்கம் உக்காந்தாங்கன்னு பேர் வெச்சாங்க. இங்க டீக்கடை பெஞ்சுல யாரு உக்காரலாம்கிறதே சண்டையா இருந்துச்சேம்மா.”

அவள் இன்னொன்றும் சொன்னாள். தமிழ்நாட்டில் இடது, வலது என்ற பிரிவு பிரான்சுக்கு முன்பே இருந்திருக்கிறது. வலங்கை, இடங்கை. சோழர் காலக் கல்வெட்டிலேயே வருகிறதாம். நிலத்தோடு சேர்ந்த சாதிகள் பெரும்பாலும் வலங்கை, கைத்தொழில், வணிகச் சாதிகள் பெரும்பாலும் இடங்கை. எந்தத் தெரு வழியாக ஊர்வலம் போவது என்பதற்கெல்லாம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். 1707இல் சென்னையில் பெரிய கலவரமே நடந்திருக்கிறது. இன்றைக்கு என் கடைக்கு வருகிற யாரையாவது நீங்கள் வலங்கையா, இடங்கையா என்று கேட்டால் விழிப்பார்கள். அந்தப் பெயர்கள் போய்விட்டன. பெயருக்கு அடியில் இருந்த சாதி மட்டும் போகவில்லை.

சரி, மதிப்பெண். ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன். காசு வாங்காததற்கும், போன் நம்பர் கேட்காததற்கும், இருபது நிமிஷத்தில் வீட்டுக்குள் ஒரு நல்ல பேச்சைக் கிளப்பிவிட்டதற்கும் அந்த இரண்டரை. தமிழ் இல்லாததற்கு அரை குறைத்தேன். கூட்டிக் கழித்து ஆளை நடுவில் நிறுத்துவதற்கு அரை. சாதியைக் கேட்காததற்கு ஒன்றரை. கல்லூரிப் பிள்ளைகள் தாராளமாக எழுதிப் பார்க்கலாம், ஆனால் புள்ளியைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதோடு நிறுத்தாமல், எந்தக் கேள்விக்கு என்ன பதில் போட்டோம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள். அந்தத் தாள் புள்ளியைவிட அதிகம் சொல்லும். பெரியவர்களுக்கு எழுத வைக்கிறவர்கள் ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். இரண்டு மாலைப் பொழுது ஒதுக்குங்கள்.

நானும் மகளும் இதோடு சேர்த்துக் கேட்பதற்காக ஒரு நோட்டில் பத்துக் கேள்வி எழுதினோம். உங்கள் தெருவில் வேறு சாதிக்காரருக்கு வீடு வாடகைக்கு விடுவீர்களா? ஊர்க் கோயில் தேர் எல்லாத் தெருவுக்கும் போக வேண்டுமா? பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு என்று 1989இலேயே இங்கே சட்டம் வந்துவிட்டது, உங்கள் வீட்டில் கொடுத்தீர்களா? தோப்பு வேலைக்கு வருகிறவருக்கு எந்த டம்ளரில் தண்ணீர் கொடுக்கிறீர்கள்? இப்படி.

அப்பா ஆறு கேள்விக்குப் பதில் சொன்னார். ஏழாவது, பிள்ளை சாதி மாறிக் கல்யாணம் செய்தால் கல்யாணத்துக்குப் போவீர்களா என்பது. நோட்டை வாங்கி அவரே ஒருமுறை படித்தார். “இத உன் தம்பி வந்தப்புறம் எழுதலாம் பாப்பா” என்று சொல்லி மூடி வைத்தார். தம்பி பொங்கலுக்கு வருகிறான். நோட்டைக் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.